கடப்பாரைப் பிடி

மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று கொண்டை ஊசி வளைவில் குறுக்கே நின்றுவிட்டது. மேலே போகும் வண்டியும் போகவில்லை, கீழே இறங்கும் வண்டியும் இறங்கவில்லை. அந்த வரிசையில் மாட்டிக்கொண்ட பஸ்ஸிலிருந்துதான் சுஹைல் போன் செய்தான். ருக்ஸாரின் சாச்சா மகன், சித்தப்பா பிள்ளை.

"அக்கா, இன்னிக்கு நான் வந்த மாதிரிதான். டிரைவரே கட்டைச் சுவத்து மேல துண்டை விரிச்சுப் படுத்துட்டாரு."

"விளையாடாதடா. சார் வந்துட்டாரு."

"நான் எங்க விளையாடறது? குரங்குக்கு முறுக்குப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

ருக்ஸார் போனை வைத்தாள். வெளியே குளிர். அவள் உள்ளங்கை மட்டும் ஈரமாக இருந்தது. துப்பட்டாவின் நுனியில் துடைத்துக்கொண்டாள். மறுபடி ஈரமானது.

மலைமேல் வாழவந்தி நாடு என்ற பகுதியில் இருந்த ஒரு சுற்றுலா விடுதியின் வரவேற்பு மேசையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இயற்பியல் படித்தவள். விருந்தினர் வந்தால் சாவியை நீட்டுவாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். அந்த விடுதியில் அவளுக்குப் பிடித்த இடம் பின்கட்டில் இருந்த விளையாட்டு அறைதான். அங்கே பச்சைத் துணி போர்த்திய பெரிய பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று கிடந்தது. காலையில் யாரும் எழுந்திருக்கும் முன் போய், க்யூ என்கிற அந்த நீளமான குச்சியை எடுத்துத் தனியாக ஆடுவாள். பந்து எங்கே பட்டால் எங்கே போகும் என்பதை யாரிடமும் பேசாமல் தெரிந்துகொள்ளலாம். அது அவளுக்கு ஒத்துவந்தது.

சுற்றுலா வருபவர்கள் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். மேலாளர் கலைமணி அவளிடம் சொன்னார்: "சர்டிபிகேட் வாங்கிட்டு வா, அந்த ரூமே உன் பொறுப்பு. இல்லேன்னா சேலத்துல இருந்து ஒரு ஆளைப் போட்டுருவாங்க. அப்புறம் நீ குச்சியைத் தொடக்கூட அவனைக் கேக்கணும்."

அவள் சேலத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்தாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். ஆடிக் காட்டும் தேர்விலும் தேறினாள். மிஞ்சியது ஒன்று. தேர்வாளர் நேரில் வருவார். வாழ்நாளில் க்யூவைத் தொடாத ஒருவருக்கு, அவர் கண்முன்னால், ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பயிற்சியாளர் ஆவதற்கு வாயைத் திறந்தே தீர வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு ராத்திரிகளில் அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

மாணவனாக வரவிருந்த சுஹைலுக்காக எல்லாவற்றையும் தயார் செய்திருந்தாள். எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை என்று மனப்பாடம். அவன் தம்பி. தப்பாகப் பேசினாலும் கேலி செய்வான், அவ்வளவுதான். இப்போது அவன் குரங்குகளோடு உட்கார்ந்திருக்கிறான்.

கலைமணியிடம் போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னாள்.

"ஆளு தானே? இங்க என்ன ஆளுக்குப் பஞ்சம்?" என்றவர் தாழ்வாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா பாப்பாயி! வெளக்கமாத்த வெச்சிட்டு இங்க வா."

பாப்பாயி அதே மலையில் அரியூர் நாட்டுக்காரி. அறைகளைக் கூட்டித் துடைப்பவள். சொந்தமாகக் கொஞ்சம் கிழங்குக் காடு உண்டு. மகள் நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். விடுதிச் சம்பளம் அதற்குத்தான் போகிறது. ருக்ஸாருக்கு அம்மா வயது இருக்கும்.

"அந்த ரூமுக்கா? நான் வரலீங்க சார்" என்றாள் பாப்பாயி. "அந்தத் துணிமேல கை பட்டாலே தொலைச்சிருவேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. மேசக் காலத் தவிர எதையும் தொட்டதில்லீங்க."

"இன்னிக்குத் தொடலாம். நானே சொல்றேன். ஆனா பாத்து. துணி கிழிஞ்சுது, அப்புறம் நீ இந்தப் பக்கமே தலை காட்ட வேண்டாம்."

இப்படி ஒரே மூச்சில் தைரியமும் சொல்லி மிரட்டியும் அனுப்பினால் யாருக்குத்தான் கை நடுங்காது?

தேர்வாளர் சந்தோஷ்குமார் காலையிலேயே காரில் வந்துவிட்டார். அமைதியான மனிதர். மூலையில் ஒரு பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோங்க, ருக்ஸார்" என்றார்.

அவள் தலையாட்டினாள். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. துணி ஈரம் பாய்ந்து பந்து மெதுவாகத்தான் ஓடும் என்று நினைத்தாள். அதை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை.

பாப்பாயி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

"இது க்யூ" என்றாள் ருக்ஸார்.

"எனக்குக் கேக்கல" என்றார் சந்தோஷ்குமார். "நான் இங்க இல்லைதான். ஆனா எனக்குக் கேக்கணும்."

"இது க்யூ."

குரல் அரைப்படி ஏறியது. பிறகு தானாக இறங்கிவிட்டது. இடது கையை மேசையில் எப்படி ஊன்றுவது என்று காட்டினாள். பாப்பாயி கையைக் கொண்டு வந்தாள். துணிக்கு ஒரு விரற்கடை மேலே கை அந்தரத்தில் நின்றது.

"வையுங்கக்கா."

"வேண்டாங்கண்ணு. கையெல்லாம் காய்ப்பு. துணி இழுத்துக்கும்."

"ஒண்ணும் ஆகாதுக்கா."

கையை வைத்தாள். க்யூவைப் பிடித்தாள். அடிக்கப் போகும் கணத்தில் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மறுபடியும் அதே. மறுபடியும் அதே. வெள்ளைப் பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே காவலாளி சென்றாயன் வந்து நின்றான். பாப்பாயிக்குப் பக்கத்து ஊர்.

"ஏ பாப்பாயி! கம்பப் புடிச்சுட்டு என்ன, பன்னி முடுக்கப் போறயா?"

"போடா அக்கட்ட! உன்னைய முடுக்கறேன் இரு."

சந்தோஷ்குமார் சிரிக்கவில்லை. மடியில் இருந்த அட்டையில் ஏதோ குறித்தார். பேனாவின் சத்தம் ருக்ஸாரின் காதில் பெரிதாகக் கேட்டது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பந்துகூட நகரவில்லை. சேலத்திலிருந்து ஓர் ஆள் வந்து இந்த அறையின் சாவியை வாங்கிக்கொள்வதை அவள் கண்ணால் பார்த்தாள். சட்டைகூட நீல நிறத்தில் தெரிந்தது.

பயிற்சி வகுப்பில் ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கற்றுக்கொள்பவருக்கு ஏற்கெனவே பழக்கமான வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். சுஹைலுக்கு பைக்கை வைத்து ஓர் உதாரணம் வைத்திருந்தாள். பாப்பாயிக்கு என்ன பழக்கம்? காடு. கிழங்கு. ருக்ஸார் அடிவாரத்தில், காரவள்ளியில் பிறந்தவள். அவள் அத்தா ஜமால் முகமதுக்கு அங்கே மளிகைக் கடை. கிழங்கை லாரியில் பார்த்திருக்கிறாள், குழம்பில் பார்த்திருக்கிறாள். மண்ணிலிருந்து அது எப்படி வெளியே வருகிறது என்று பார்த்ததில்லை.

பாப்பாயியின் காதருகே குனிந்தாள். மூலையில் இருந்தவருக்குக் கேட்க வாய்ப்பே இல்லாத குரலில் சொன்னாள்.

"அக்கா, காட்டுல கடப்பாரை பிடிப்பீங்கல்ல? அதே மாதிரி நெனச்சுக்கோங்க. பயப்படாம குத்துங்க."

பாப்பாயியின் முகம் தெளிந்தது. "அட, அதா?" என்றாள். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

கால்களை அகட்டி ஊன்றினாள். அதுவரை அவள் அப்படி நின்றிருக்கவே இல்லை. தோள் இறங்கியது. இடது கை இறுகியது. வலது கை மேலே போனது. க்யூவின் பின்பக்கம் ஏறிக்கொண்டே போக, முனை துணியைப் பார்த்துச் சாய்ந்தது.

கிழங்கை எடுக்க மண்ணில் கடப்பாரையை மேலிருந்து இறக்கி, அடியில் கொடுத்து நெம்புவார்கள். அந்த விவரம் ருக்ஸாருக்கு அந்த நொடியில்தான் தெரியவந்தது. விசை எந்தத் திசையில் போகும் என்பதும் தெரிந்தது. நிறுத்துங்க என்ற சொல் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்தது. அம்மா வயதுக்காரியை, தேர்வாளர் முன்னால், அதட்டுவதா? சொல் அங்கேயே நின்றது.

சர்ரென்றது.

குச்சியின் முனை துணிக்குள் போய், பாப்பாயி பழக்கத்தில் ஒரு நெம்பு நெம்பியதில், ஒரு சாண் நீளத்துக்குத் துணி வாய் பிளந்துகொண்டது. துணிக்கு அடியில் இருந்த சாம்பல் நிறக் கல் பலகை தெரிந்தது. வெள்ளைப் பந்து கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. அன்றைக்கு அது நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

பாப்பாயி குச்சியைக் கீழே போட்டாள். சத்தம் கேட்டுக் கலைமணி ஓடிவந்தார். கிழிசலைப் பார்த்தார். வசவு நிற்காமல் வந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! பாத்துன்னு சொன்னேனா இல்லையா? மண்ணு வெட்டற கைய இங்க கொண்டாந்து விட்டா இப்படித்தான் ஆகும். மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"என் கைதானுங்க தப்பு, சாமி" என்றாள் பாப்பாயி. முந்தானையை வாயில் வைத்திருந்தாள். "அந்தப் புள்ள நல்லாத்தானுங்க சொல்லிக் குடுத்துச்சு. என் மண்டையில ஏறல."

ருக்ஸார் அவளைப் பார்த்தாள். பாப்பாயி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"மத்தியானத்தோட கெளம்பிக்க. நாளைக்கு வர வேண்டாம்" என்றார் கலைமணி.

சந்தோஷ்குமார் எழுந்து வந்து துணியைக் குனிந்து பார்த்தார். "புதுசா கத்துக்கறவங்க கை தவறறது சகஜம்" என்றார். "இதுக்காக உங்க மார்க்கைக் குறைக்க மாட்டேன், ருக்ஸார். நேரம் இருக்கு. வேற யாராவது இருந்தா வரச் சொல்லுங்க, தொடரலாம்."

அவ்வளவுதான். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இதுவரை எப்படி வாய் மூடி இருந்தாளோ அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் போதும். அவளுக்கு உலகத்திலேயே நன்றாக வரும் காரியம் அது. சென்றாயன் உள்ளே வருவான். அவனுக்கு உதாரணம் எதுவும் சொல்லாமல் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பாள். அறை அவள் கைக்கு வரும். பாப்பாயி மத்தியானப் பஸ்ஸில் போய்விடுவாள்.

ருக்ஸார் மேசையின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

"என்ன?" என்றார் சந்தோஷ்குமார். "கேக்கல."

"நீ சும்மா இரும்மா" என்றார் கலைமணி. "அவளுக்குப் பரிஞ்சு பேசாத. உன் வேலையப் பாரு."

"நான்தான் சொன்னேன் சார்!"

அது அவள் குரல் மாதிரியே இல்லை. கீச்சென்று கிளம்பி, பாதியில் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"கடப்பாரை மாதிரி பிடிச்சுக் குத்துங்கன்னு நான்தான் சொன்னேன். உங்களுக்குக் கேக்காம மெதுவாச் சொன்னேன். அக்கா நான் சொன்னத அப்படியே செஞ்சாங்க. குச்சி மேல ஏறினத நான் பாத்தேன். நிறுத்தச் சொல்லியிருக்கணும். சொல்லல."

ஜன்னல் பக்கமிருந்து சென்றாயன்தான் வாயைத் திறந்தான்.

"கடப்பாரையக் குடுத்துட்டா, அப்புறம் கோலமா போடுவா?"

"நீ கேட்டுக்குப் போடா!" என்று கலைமணி சீறினார். பிறகு ருக்ஸாரைப் பார்த்தார். கோபம் இடம் மாறி உட்கார அவருக்குச் சிறிது நேரம் ஆனது. "அப்ப இது உன் தலையில. மொதலாளிகிட்ட உன் பேரத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க சார்."

சந்தோஷ்குமார் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். அட்டையில் எழுதிய எதையோ அடித்தார். வேறு எதையோ எழுதினார். இந்த முறை நீளமாக.

"நான் முன்ன சொன்னது இனிச் செல்லாது" என்றார். "ஆனா நேரம் இன்னும் முடியல. இவங்களுக்கே சொல்லிக்குடுங்க."

பாப்பாயி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் மாட்டேங்கண்ணு. இன்னொருக்காக் கிழிஞ்சா?"

"கிழிஞ்சா என் பேர்லதான்கா."

"அப்படிச் சொல்லாத. எனக்குப் பயமா இருக்குது."

"எனக்கும்தான்."

"உனக்கென்ன சாமி பயம்? படிச்ச புள்ள."

"அவரப் பாத்தா பயம். இவரப் பாத்தா அதுக்கு மேல பயம். உங்களப் பாத்தாக்கூட பயம்தான்கா."

பாப்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னையப் பாத்தா? எங்க ஊட்டுக் கோழிகூட என்னையப் பாத்துப் பயப்படாதே அம்மிணி!"

ருக்ஸார் கீழே கிடந்த குச்சியை எடுத்துத் துடைத்தாள். உதாரணம் எதுவும் தேடவில்லை. கிழிசல் இல்லாத மறுமுனைக்கு வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் வைத்து, அதற்கு எதிரே ஒரு சிவப்புப் பந்தை வைத்தாள்.

"இது கடப்பாரை இல்லக்கா. நான் தப்பாச் சொல்லிட்டேன். இது வெறும் குச்சி. தரைக்குச் சமமாப் போகணும், சமமா வரணும். வலது கை இடுப்புக்கு மேல வரவே கூடாது. வந்தா நிறுத்தச் சொல்வேன். சொன்ன உடனே அப்படியே நின்னுடுங்க."

"சத்தமாச் சொல்லணும்."

"சொல்றேன்."

பாப்பாயி குனிந்தாள். கையை ஊன்றினாள். குச்சி ஒரு முறை போய் வந்தது. இரண்டாம் முறை நேராகப் போய் வந்தது. மூன்றாம் முறை இத்தனை வருடப் பழக்கம் கையில் ஏறிக்கொண்டது. முழங்கை மெல்ல மேலே எழும்பியது.

"நிறுத்துங்க!"

தாழ்வாரத்தில் நடந்து போன யாரோ ஒரு விருந்தினர் நின்று எட்டிப் பார்த்தார். பாப்பாயி சிலை மாதிரி நின்றாள். குச்சியின் முனை துணிக்கு மயிரிழை மேலே இருந்தது.

ருக்ஸாருக்கு மூச்சு வாங்கியது. "கைய இறக்குங்க" என்றாள். "இன்னும். இன்னுங் கொஞ்சம். அங்கதான். இப்ப அடிங்க."

டொக் என்று ஒரு சத்தம். வெள்ளைப் பந்து ஈரத் துணியில் சோம்பலாகப் போய்ச் சிவப்புப் பந்தைத் தொட்டது. சிவப்பு நகர்ந்து, ஓரத்து ரப்பரில் மோதி, வந்த வழியே வராமல் பக்கவாட்டில் திரும்பி, எந்தக் குழியிலும் விழாமல் நின்றது. பாப்பாயி அது நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் முடிந்ததும் சந்தோஷ்குமார் ருக்ஸாரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். கலைமணி சற்றுத் தள்ளி நின்று போனைக் காதில் வைத்திருந்தார். முதலாளியிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அவர் நின்ற கூனிலேயே தெரிந்தது.

"இந்தத் தடவை தேற வைக்க முடியாது" என்றார் சந்தோஷ்குமார்.

அவள் எதிர்பார்த்ததுதான். இருந்தும் கண் முன்னால் தாழ்வாரம் ஒரு கணம் மங்கியது.

"நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, அந்தக் கடைசி இருபது நிமிஷத்துல வேற யாருக்காவது சொல்லிக்குடுத்துத் தேறியிருப்பீங்க. அது எனக்கும் தெரியுது. ஆனா தப்பான உதாரணம். ஆபத்து தெரிஞ்சும் நிறுத்தாதது. இது ரெண்டையும் கேட்ட பிறகு என்னால கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு ஒரு குழந்தை இன்னொரு குழந்தை கண்ணுல குச்சியக் குத்தப் போகும்போதும் உங்களுக்குத் தொண்டை அடைச்சுட்டா?"

"இப்ப அடைக்கல சார்."

"ஆமா. அதையும் எழுதியிருக்கேன். மழைக்காலம் முடிஞ்சு வரேன். மேசை இருந்தா."

லாரியை நகர்த்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மூடுபனி கெட்டியாகும் முன் இறங்க வேண்டும் என்று அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மேசை இருந்தா. அந்தச் சொற்கள்தான் அவளோடு அறைக்குள் வந்தன. புதுத் துணி வருமா, சேலத்து ஆள் அதற்கு முன்பே வருவானா, அத்தாவிடம் இதை எப்படிச் சொல்வது? பந்துகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

பாப்பாயி இன்னும் குச்சியை வைக்கவில்லை.

"கண்ணு, அந்தச் செவப்பு ஏன் அப்படித் திரும்பிப் போச்சு? நான் நேராத்தானே அடிச்சேன்?"

"நேரா அடிச்சீங்க. ஆனா வெள்ளை அதோட நடுவுல படல. ஓரத்துல பட்டுச்சு."

"ஓரத்துல பட்டா?"

ருக்ஸார் பெட்டியிலிருந்து சிவப்புப் பந்தைத் திரும்ப எடுத்தாள்.

வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது. கலைமணி நின்றிருந்தார். "எல்லாம் வெளிய வாங்க. ரூமப் பூட்டணும். மொதலாளி வந்து பாக்கற வரைக்கும் யாரும் உள்ள காலு வெக்கக் கூடாது. பாப்பாயி, நீ மேல்மாடி ரூமுக்குப் போ, பெட்ஷீட்டெல்லாம் அப்படியே கெடக்குது."

பாப்பாயி சட்டென்று குச்சியைச் சுவரில் சாய்க்கப் போனாள்.

ருக்ஸார் கலைமணியின் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் சார். பாடம் முடியல."

கலைமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் குனிந்து, கிழிசலுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, சிவப்புப் பந்தைத் துணியில் வைத்தாள்.

"இங்க வந்து நின்னு பாருங்கக்கா" என்றாள். "இதோட ஓரம் எதுன்னு மொதல்ல நீங்க சொல்லுங்க."